கடன் இல்லாதவளுக்குக் குறைந்த வட்டி

கடன் இல்லாத ஆளைக் கண்டால் பேங்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை நேர்மாறாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடன்காரனைப் பார்த்துத்தான் சுளிப்பார்கள், நம்மைப் பார்த்தால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள் என்று. நாற்காலி போட்டார்கள்தான். காப்பிகூடக் கொடுத்தார்கள். அந்தக் காப்பியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பணம் என்னுடையதல்ல, என் அக்காவுடையது. அக்கா என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். கிணத்துக்கடவில், பொள்ளாச்சி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் இறந்த பிறகு தென்னந்தோப்பைப் பார்க்க ஆளில்லை. வாடல் நோய் வேறு வந்து பாதி மரம் மொட்டையாக நின்றது. தோப்பை விற்றாள். வந்த பணத்தில் பெரும் பங்கை ஒரே மகனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அந்த மிச்சத்தின் வட்டியில் சாப்பிட வேண்டும், மருந்து வாங்க வேண்டும், மகனிடமோ மருமகளிடமோ ஒரு ரூபாய்க்குக் கை நீட்டாமல் அந்த வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். இதுதான் அவள் ஆசை, வேறு ஒன்றுமில்லை.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். தோப்பு விற்ற கையோடு அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அக்கா அசையவில்லை.

"அவன் ஊட்டுல சோத்துக்கு உக்காந்தா, அடுத்த வேளைக்கு அவீங்க மூஞ்சியப் பாத்துட்டு இருக்கோணும் அம்மணி. அது நம்மளால ஆகாது" என்றாள்.

நான் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் பில் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கூட்டல் கழித்தலில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அக்காவின் பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாரும் கேட்காமலே இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் பணம் ஊரில் ஒரு பேங்க்கில் சாதா சேமிப்புக் கணக்கில் கிடந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த வட்டி பிச்சைக்காரனுக்குப் போடுகிற சில்லறை மாதிரி இருந்தது. மொத்தத்தையும் டெபாசிட்டில் போட்டால் நடுவில் அவசரத்துக்கு எடுக்க முடியாது, எடுத்தால் வட்டியை வெட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் ஏரியாவில் புதிதாக ஒரு பேங்க் திறந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் டெபாசிட் அளவுக்கு வட்டி என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே பல் கிட்டுகிற குளிர். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் எழுந்து வந்து உட்கார வைத்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மேடம் போட்டாள். சிரிப்பு முகத்தில் ஒட்டியே இருந்தது, எதைச் சொன்னாலும் மாறவில்லை.

"ஒரே ஒரு சின்னக் கண்டிஷன்தானுங்க மேடம்" என்றாள். "மாசம் மூனு ஆட்டோ டெபிட் ஓடோணுங்க. அதாவதுங்க, ஏதாச்சும் மூனு பில்லு இந்த அக்கவுண்ட்ல இருந்து தானாவே போகோணுங்க. ஓடுச்சுன்னா எச்சு வட்டிங்க மேடம். ஓடலைன்னா சாதா வட்டிதானுங்க. எல்லார் ஊட்டுலயும் இருக்கறதுதானுங்க, லோன், இன்சூரன்ஸ், இன்டர்நெட்."

மூன்று பில் இல்லாத வீடு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று நானும் தலையை ஆட்டினேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். அவளிடம் இருப்பது பட்டன் போன் என்பதால், கணக்குக்கு என் நம்பரைக் கொடுத்தேன். பணம் போனால் வந்தால் தகவல் எனக்குத்தான் வரும்.

அந்த மாதம் முடிந்து வட்டி வந்தபோது பார்த்தால், பழைய பேங்க் கொடுத்த அதே சில்லறை. நான் கொதித்துப்போய் போன் செய்தேன். "மூனு ஓடலைங்களே மேடம்" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே. போனிலும் அந்தச் சிரிப்பு கேட்டது.

சரி, மூன்றை ஓட வைப்போம் என்று கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறினேன். அக்கா வீட்டு நடையில் உட்கார்ந்து என்னென்ன பில் வருகிறது என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் பில் என்றே ஒன்று இல்லை.

பால் ஊற்றுகிறவருக்கு மாதம் பிறந்ததும் கையில் காசு. கேபிள் டிவிக்கு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார். அவர் வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் பணத்தை எடுத்துக்கொண்டு அக்கா வெளியே வந்துவிடுவாள். போனுக்குக் கடைக்காரத் தம்பி வருஷத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறான். கேஸ் சிலிண்டர் ஒன்று எடுத்தால் பொங்கலிலிருந்து ஆடி வரை ஓடும். மருந்துக்கடையில் கணக்கு வைப்பது அவளுக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டில் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள். கொடுக்க வேண்டியதை வாங்குகிறவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். கேட்டு வாங்கும்படி வைத்துக்கொண்டால் அது மானக்கேடு. அக்கா அறுபத்தெட்டு வயது வரைக்கும் அந்த மானக்கேடு ஒரு தடவைகூட வராமல் பார்த்துக்கொண்டவள்.

"கரண்ட் பில்லு இருக்குதல்லங்க்கா? அத பேங்க்குலயே பிடிச்சுக்கற மாதிரி பண்ணிப்போடலாங்க" என்றேன்.

அக்கா முகம் மாறிவிட்டது. "பிடிச்சுக்குவாங்களா? ஏன், நான் குடுக்காம எங்க ஓடியா போயிட்டேன்?"

"எல்லாரும் அப்படித்தானுங்க்கா பண்றாங்க."

"கடன வாங்கிப்போட்டுக் குடுக்காதவீங்களுக்கு அப்படிப் பண்ணுவாங்க. என்ற காசுல நான் இல்லாதப்ப கைய உட்டு எடுப்பாங்களாமா?"

அவளைச் சமாதானப்படுத்திக் கரண்ட் பில்லைச் சேர்த்தேன். சேர்த்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. நம் ஊரில் கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதிலும் நூறு யூனிட் வரை இலவசம். ஒரு குண்டு பல்பு, ஒரு ஃபேன், பொழுதோடு ஒரு மணி நேரம் டிவி, இதற்கு எங்கே நூறு யூனிட் ஆகப்போகிறது? ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் சைபர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பில் சைபர் என்றால் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பிடிக்கவில்லை என்றால் பேங்க்கின் எண்ணிக்கையில் அது வராது.

இதைப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்காமல் பதில் சொன்னாள்.

"கரண்ட்டக் கொஞ்சம் தாராளமா ஓட்டச் சொல்லுங்க மேடம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆயுசு முழுக்க, ஒரு அறையிலிருந்து எழுந்தால் விளக்கை அணைத்துவிட்டு எழுந்த பெண்ணிடம் போய், சிக்கனமாக இருந்தது போதும், இனி வீணாக்கு, அப்போதுதான் உனக்கு வட்டி என்று சொல்ல வேண்டும். பேங்க் என்பது சேமிப்பதற்கான இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததாக ஞாபகம். அருவருப்பாக இருந்தது.

அருவருப்பாக இருந்தும் செய்தேன், முதலில் ஒன்றாவது ஆகட்டும், மற்ற இரண்டைப் பிறகு பார்ப்போம் என்று. என் வீட்டில் சும்மா நின்ற பழைய ஃபிரிட்ஜை ஒரு குட்டி டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோய் அக்கா வீட்டில் இறக்கினேன். ராத்திரி பகலாக ஓடட்டும் என்றேன். ஃபேனை நிறுத்தவே வேண்டாம் என்றேன். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அடுத்த தடவை போனபோது சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் ஃபேன் ஓடவில்லை. ஃபிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தது, உள்ளே பழைய துணிகளை மடித்து அடுக்கியிருந்தாள். அவளைக் காணோம். பின்பக்கம் வேப்ப மரத்தடியில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் செக்கச் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க்கா, என்ன கோலம் இது? ஃபேனப் போட்டுக்கலாமல்லங்க?"

"பேங்க்குக்காரங்க பிடிச்சுக்குவாங்கன்னியே கண்ணு" என்றாள், சிரித்தபடி. "பிடிக்கறதுக்கு ஒன்னுமே இல்லாமப் பண்ணிப்போட்டேன்."

அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வீட்டுக்குள் கூட்டிப்போய் ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, இப்படி வெயிலில் உட்கார்ந்து விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்று திட்டினேன். பேங்க் நம் எதிரியல்ல, பில் வந்தால்தான் நல்லது என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"செலவு பண்ணுனாத்தான் வட்டி குடுப்பாங்கன்னா, அவீங்க யாருக்குச் சேத்தறாங்க?"

பில் போடுகிற வேலையில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரியவில்லை.

மறுபடி பேங்க். இந்தத் தடவை அந்தப் பெண் தயாராக இருந்தாள். மாதாமாதம் கட்டுகிற விபத்துக் காப்பீடு ஒன்று, தங்கச் சேமிப்பு ஒன்று, ஷேர் மார்க்கெட் திட்டம் ஒன்று, மூன்றையும் விரித்தாள். கூடுதலாக வரப்போகும் வட்டி எவ்வளவு, இந்த மூன்றுக்கும் போவது எவ்வளவு என்று மனக்கணக்குப் போட்டேன். வருவதைவிடப் போவதுதான் அதிகம். வட்டி வாங்குவதற்காக வட்டியையும் அதற்கு மேலும் அவர்களிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும். வேண்டாம் என்றேன். உடனே குரலைத் தணித்துக்கொண்டு, ஏதோ ரகசியம் மாதிரி சொன்னாள்.

"கோயில் அன்னதானத்துக்குக்கூட மாசாமாசம் பிடிக்கற மாதிரி போட்டுக்கலாங்க மேடம். உங்க சிஸ்டருக்குப் புண்ணியமும் ஆச்சு, கவுண்ட்டும் ஆச்சு."

அங்கேயே தூ என்று துப்பியிருப்பேன், தரை பளபளவென்று இருந்தது. நாலு பேருக்குச் சோறு போடுவதை வட்டி எண்ணிக்கைக்குள் கொண்டுவந்து சொருகுகிற மூளை எந்தக் காலேஜில் கிடைக்கிறதோ. காப்பி வந்தது. குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணத்துக்கடவுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அவன் கெட்டவன் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்ததும் அம்மா காலைத் தொட்டுக் கும்பிடுவான், எனக்கு முறுக்குப் பொட்டலம் வாங்கி வருவான். ஆனால் சம்பளம் வருவதற்கு முன்பே அதற்குச் செலவு வைத்திருக்கிற வயசு. சாப்பிடும்போது நான் பேங்க் கதையைச் சொல்லிப் புலம்பினேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே விழுந்து விழுந்து சிரித்தான்.

"இதுக்கேனுங் சின்னம்மா இத்தனை சிரமம்? அம்மாகிட்டக் கடன் இல்லைன்னா என்னங், என்கிட்டத்தான் கெடக்குதே. ஊட்டுக்கு ஏசி வாங்குன தவணை, என்ற போன் தவணை, இன்டர்நெட் பில்லு. மூனையும் அம்மா அக்கவுண்ட்டுக்கு மாத்திப்போடறேன். மாசாமாசம் அந்தக் காச நான் அம்மாவுக்குப் போட்டு உட்டர்றேன். கணக்குக் கணக்கா இருக்கும், உங்க வட்டியும் வந்துரும்."

ஏதோ ஒன்று இடித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அவன் பணம் உள்ளே வந்து வெளியே போகும், நடுவில் பேங்க் ஏமாறும். பேங்க்கை ஏமாற்றுவதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் நீட்டிய காகிதங்களில் எல்லாம் அக்கா மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். கரண்ட் பில்லைப் பிடிக்கிறார்கள் என்றதற்கு அத்தனை ஆங்காரப்பட்டவள், இதற்கு வாயே திறக்கவில்லை.

அடுத்த மாதம் மூன்றும் ஐந்தாம் தேதி ஒன்றாகப் போயின. முதல் தேதியே மகன் பணம் போட்டிருந்தான். மாதக் கடைசியில் எச்சு வட்டி வந்தது. என் போனுக்கு ஒரு தகவலும் வந்தது. வாழ்த்துகள், நீங்கள் உயர் வட்டிக்குத் தகுதி பெற்றுள்ளீர்கள் என்று. பக்கத்தில் பட்டாசு வெடிக்கிற மாதிரி ஒரு படம் வேறு. ஒருத்தி வேப்ப மரத்தடியில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தபோது இந்த பேங்க்குக்கு அவள் தகுதியில்லாதவள். அவள் மகன் வீட்டில் ஏசி ஓடுவதற்கு அவள் கணக்கிலிருந்து பணம் போனதும் அவளுக்குத் தகுதி வந்துவிட்டது.

இரண்டாம் மாதமும் அவன் பணம் போட்டான். மூன்றாம் மாதம் பாதி போட்டான். அதற்கடுத்த மாதம் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஐந்தாம் தேதி தவறாமல் மூன்று பிடித்தமும் போயின. மாதக் கடைசியில் பேங்க்காரர்களின் பட்டாசும் தவறாமல் வெடித்தது. எச்சு வட்டியைப் போலப் பல மடங்கு ஐந்தாம் தேதி போய்விடும். அப்படியே மேலும் சில மாதங்கள். அந்தப் பிடித்தம் வட்டியைத் தின்று தீர்த்து, இப்போது அசலிலேயே கை வைத்துவிட்டது. அக்கா ஆயுசுக்கும் போதும் என்று வைத்த பணம். இப்படியே கரைந்தால் வீட்டை விற்க வேண்டியதுதான். விற்றால் எங்கே போவாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பேங்க்குக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது போல, மேஜை பெரிதாகியிருந்தது.

"வட்டி கூடுது, ஆனா மொத்தம் கொறைஞ்சுட்டே வருதுங்க. இதெல்லாம் உங்க கண்ணுல படாதுங்களா?"

"அது கஸ்டமரோட செலவுங்க மேடம். எங்க சைடுல கண்டிஷன் கரெக்ட்டா மீட் ஆகுதுங்க" என்றாள். பிறகு என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சேர்த்துக்கொண்டாள். "உங்க சிஸ்டர் இப்ப எங்களோட ரொம்ப நல்ல கஸ்டமருங்க மேடம்."

கடன் இல்லாமல், யாரையும் கேட்க வைக்காமல் வாழ்ந்த காலமெல்லாம் அவள் நல்ல கஸ்டமர் இல்லை. சேர்த்தது கண்ணெதிரே கரையும்போது நல்ல கஸ்டமர். எழுந்து வெளியே வந்தேன்.

மகனுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அவனே ஆரம்பித்தான்.

"தெரியுமுங் சின்னம்மா, தெரியும். தீவாளிக்குப் போனஸ் வரட்டும், மொத்தமாப் போட்டுடறேன். பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுனதுல கொஞ்சம் இழுத்துருச்சுங்."

"உங்கம்மா என்ன சாப்படறான்னு தெரியுமா உனக்கு?"

"அம்மா ஒன்னும் சொல்லலீங்களே. நான் பேசறப்பெல்லாம் காசு இருக்குது சாமின்னுதான் சொல்றாங்."

பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் எங்கே அவளிடம் பேசுகிறான்? இவனைப் பெற்றதற்கு, தோப்பில் இன்னும் நாலு தென்னம்பிள்ளை வைத்திருக்கலாம் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு போனை வைத்தேன்.

மறுநாளே பேங்க்கிலிருந்து ரத்து செய்யும் காகிதங்களை வாங்கிக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் போனேன். அன்றைக்கு நாலாம் தேதி. பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அக்காவிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். மூன்றையும் நிறுத்துவோம். எச்சு வட்டி நாசமாய்ப் போகட்டும். சாதா வட்டியிலேயே இருப்பதைக் காப்பாற்றுவோம்.

அக்கா எனக்கு வரக்காப்பி கொடுத்தாள்.

"பாலு?"

"பாலு குடிச்சா வயித்துக்கு ஒத்துக்கறதில்ல அம்மணி. நிறுத்திப்போட்டேன்."

எத்தனை வருஷமாக ஒத்துக்கொண்ட பால். நான் டம்ளரை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனேன். பருப்பு டப்பா அடியில் இருந்தது. மேஜை மேல் மாத்திரை அட்டையைப் பார்த்தால், தினமும் ஒன்று போட வேண்டியதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறாள். ரத்தக் கொதிப்பு மாத்திரை. 

வெளியே வந்து காகிதங்களை அவள் மடியில் வைத்தேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. "மூனு கையெழுத்துப் போடுங்க்கா. இன்னையோட இந்தக் கர்மத்த நிறுத்திப்போடலாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போடவில்லை. எனக்குத் தெரிந்தது எதுவும் அவளுக்குப் புதிதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"ஏனுங்க்கா, அவன் காசு போடறதில்லைன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாம என்ன கண்ணு. காசெடுக்கப் போறப்பல்லாம் பாஸ்புக்கப் பாக்கறனல்ல."

"பொறகு ஏன் அவன ஒரு வார்த்த கேக்கல?"

அவள் பதில் சொல்வதற்குள் பட்டன் போன் அடித்தது. அக்கா எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். முட்டி வலிக்கிறது என்று சுவரைப் பிடித்து எழுகிறவள். கையை முந்தானையில் துடைத்து, தலையை ஒதுக்கிக்கொண்டு, நாற்காலியில் நேராக உட்கார்ந்து போனை எடுத்தாள். அவன் பேசியது எனக்கும் கேட்டது, அந்தப் போனில் சத்தம் அத்தனை.

"ஏம்மா, நாளைக்கு மூனும் பிடிப்பாங்க. அக்கவுண்ட்ல காசு இருக்குதல்ல? இல்லைன்னா ஃபைன் போட்டுருவாங்க."

"இருக்குது சாமி, இருக்குது. சாப்டியா?"

"சாப்டேம்மா."

"என்ன சாப்ட்டே?"

"தக்காளி சாதம்."

"பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா?"

"நின்னுருச்சு. சரிம்மா, ஆபீஸ்ல இருக்கறேன், வெச்சர்றேன்."

வைத்துவிட்டான். அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"முந்தியெல்லாம் நோம்பிக்கு ஒருக்காக் கூப்புடுவான் அம்மணி" என்றாள். "பொங்கலுக்கு ஒன்னு, தீவாளிக்கு ஒன்னு. வேலை சாஸ்தி, பாவம். இப்ப பாரு, மாசந் தப்பாமக் கூப்படறான். நாலாந்தேதியானா கூப்புட்டுப்போடறான்."

வாயில் வந்த கெட்ட வார்த்தைகள் எல்லாம் யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை. அந்த பேங்க்குக்கா, அவனுக்கா, காகிதத்தை எடுத்துக்கொண்டு நியாயம் பேச வந்த எனக்கா?

"உங்க காசு கரையுதுங்க்கா" என்றேன். "பாலையும் மாத்திரையையும் நிறுத்திப்போட்டு இதுக்குக் கட்டறீங்க."

"அவன்கிட்ட நான் ஒன்னும் கேக்கலையே" என்றாள். குரலில் பழைய ரோஷம் இருந்தது. "ஒரு ரூபா கேட்டனா? கையக் கிய்ய நீட்டுனனா?"

"இல்லைங்க்கா."

"பொறகென்ன."

காகிதங்களை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். மாத்திரையை ஒழுங்காகப் போடுவதாக என் தலை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மருந்துக்கடைக்குப் போய் வாங்கி வந்து கொடுத்தேன், அதற்குக் காசை என் பையில் திணித்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். ஏதோ கேட்க வேண்டும் போல நின்றாள். அவள் வாய் திறந்து ஒரு உதவி கேட்பது அபூர்வம் என்பதால் நானும் நின்றேன்.

"அம்மணி, உனக்குத்தான் பேங்க் சமாச்சாரமெல்லாந் தெரியுமே. அந்த மூனும் இப்ப அஞ்சாந்தேதி ஒன்னாப் போயிருது. அதத் தனித்தனித் தேதில வெச்சுக்க முடியுமான்னு கேட்டுச் சொல்றியா?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மகனுக்குப் போன் போட்டேன். பேங்க்கில் புதிதாக ரூல் போட்டிருக்கிறார்கள், மூன்றும் ஒரே தேதியில் போனால் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்களாம், அஞ்சு, பதினஞ்சு, இருபத்தஞ்சு என்று பிரித்து வைக்க வேண்டுமாம் என்று சொன்னேன்.

"அப்படீன்னா மாசத்துல மூனு தடவ காசு இருக்குதான்னு பாக்கோணுங்களா? என்ன கண்றாவி ரூலுங் சின்னம்மா இது?" என்று அவன் சலித்துக்கொண்டான்.

"ஆமாங் கண்ணு" என்றேன். "கண்றாவிதான்."